கொடிமலை ‘மைல’ ஆன கதை: ஒரு மலரின் 38ஆம் பக்கம்

வியாழக்கிழமை பிற்பகல் மூன்று மணி தாண்டியிருக்கும். பினாங்குத் தீவுக்கு எதிர்க்கரையில், பிறை என்ற ஊரில் இருக்கும் அச்சகத்தின் மடிப்பு மேசையில் வேலை செய்யும் அக்கா கூப்பிட்டார். “தம்பி, இந்தப் பள்ளிக்கூட மலரு நீங்க செஞ்சதுதானே? முப்பத்தெட்டாம் பக்கத்துல கொடிமலைன்னு வர்ற இடமெல்லாம் ‘காடிமைல’ன்னு இருக்கு. முன்னுக்கு ஒரு கொம்பும் வட்டமும் வேற நிக்குது. எழுதுனவரு அப்படித்தான் எழுதியிருக்காரா?”

மடிப்பதை நிறுத்தச் சொல்லிவிட்டுக் காரை எடுத்தேன். பினாங்குப் பாலம் 13.5 கிலோமீட்டர். வேலை முடிந்து வீடு திரும்பும் நேரத்தில் அது இரண்டு மடங்கு நீளம். நடுக்கடலில் நெரிசலில் நின்றபடி கைப்பேசியில் என் பிடிஎஃப் கோப்பைத் திறந்து 38ஆம் பக்கத்தைப் பார்த்தேன். பினாங்குக் குன்றுக்கு நாங்கள் சொல்லும் பெயர் கொடிமலை. அது கொடிமலையாகவே இருந்தது.

நான் ஜார்ஜ்டவுனில் ஒரு மாடி அறையில் புத்தக வடிவமைப்பு செய்கிறவன். கோயில் மலர், பள்ளி மலர், திருமண அழைப்பிதழ், எப்போதாவது ஒரு கவிதைத் தொகுப்பு. பள்ளியின் பெயரும் அச்சகத்தின் பெயரும் இங்கே வேண்டாம். யாரும் அலட்சியமாக வேலை பார்க்கவில்லை, ஆளுக்கொரு நல்ல காரியம் செய்யப்போய் நடந்தது இது. அதனால்தான் எழுதி வைக்கத் தோன்றியது.

வேலை

ஒரு தமிழ்ப்பள்ளியின் ஆண்டு நிறைவு மலர். 96 பக்கம், பி5 அளவு, 800 பிரதி. உள்ளே 80 கிராம் தாள், 16 பக்கம் ஒரு பாரமாக மொத்தம் 6 பாரம். முதல் பாரமும் கடைசிப் பாரமும் நான்கு வண்ணம், நடுவில் உள்ள நான்கும் கறுப்பு மட்டும். சனிக்கிழமை இரவு விருந்தில் வெளியீடு. விருந்துக்கு மண்டபம் பிடித்து, அழைப்பிதழும் கொடுத்தாகிவிட்டது.

கட்டுரைகள் இருபதுக்கு மேற்பட்டவர்களிடமிருந்து வந்தன. பாதி புலனத்தில் (வாட்ஸ்அப்), கைப்பேசியில் தட்டச்சு செய்தது. கொஞ்சம் மின்னஞ்சலில். இரண்டு கையெழுத்தில். ஒன்று பென் டிரைவில், கோயில் பிரசாதம் மாதிரி பொட்டலம் கட்டி. தமிழ் மலர் செய்கிறவர்களுக்கு இதெல்லாம் பழகிப்போனது. எழுத்தை ஒரே நடைக்குக் கொண்டுவருவதற்கு முன்னால் ஒரே குறியீட்டுக்குக் கொண்டுவர வேண்டும், அதற்கே ஒரு வாரம் போய்விடும்.

அந்தப் பென் டிரைவைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவரின் வாழ்த்துரை அதில் இருந்தது. அவருடைய பழைய கணினியில் அழகான தமிழ், என் கணினியில் திறந்தால் பிரெஞ்சும் சிலுவைக்குறியும் கலந்த மாதிரி ஒரு கூளம். யூனிகோடுக்கு முந்தைய 8 பிட் எழுத்துரு. 1980களிலும் 90களிலும் தமிழ் எழுத்துரு செய்தவர்கள் ஒவ்வொருவரும் எழுத்துகளைத் தங்கள் வசதிக்கேற்ற எண்களில் உட்கார வைத்தார்கள். இங்கே மலேசியாவில் முத்து நெடுமாறன் 1985இல் தொடங்கிய முரசு, தமிழ்நாட்டில் வானவில், ஸ்ரீலிபி, ஈழத்தமிழர் நடுவே பாமினி. 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டில் டாம், டாப் என்று இரண்டு தரங்கள் வந்தன. இணையத் தமிழர்கள் கூடி உருவாக்கிய திஸ்கி தனி. எல்லாம் சேர்ந்து ஒரு தலைமுறைக் கட்டுரைகளை இப்படிப் பூட்டி வைத்திருக்கின்றன. சாவி அந்தந்த எழுத்துருதான்.

மாற்றி மென்பொருள்கள் இருக்கின்றன, மாற்றிவிட்டேன். முதல் மெய்ப்பில் ஒரு வாக்கியம் “ந்தப் பள்ளியின்” என்று தொடங்கியது. இரண்டு பத்தி தள்ளி “றைவன் அருளால்”. ‘இ’ மட்டும் எல்லா இடத்திலும் காணாமல் போயிருந்தது. திஸ்கியில் ‘இ’ இருந்த இடம் 173. மற்ற உலகத்துக்கு அந்த எண் கண்ணுக்குத் தெரியாத மென்கோடு, வரி முடிவில் சொல்லை வெட்டத் தேவைப்பட்டால் மட்டும் தலைகாட்டும் கோடு. சில மென்பொருள்கள் அதை வேண்டாத பொருளாக நினைத்து விழுங்கிவிடும். திஸ்கியின் பிந்தைய பதிப்பில் ‘இ’க்கு 254ஆம் இடத்தையும் கொடுத்தது இந்தத் தொல்லைக்காகத்தான். தலைமையாசிரியர் ஐயாவிடம் அச்செடுத்துக் கொடுத்தேன். பூதக்கண்ணாடி வைத்து உட்கார்ந்து எல்லா ‘இ’யையும் சிவப்புப் பேனாவால் போட்டுத் தந்தார், மதிப்பெண் மட்டும்தான் போடவில்லை.

இன்னொன்று கைப்பேசியில் வந்த கட்டுரைகளில். செயற்குழுப் பட்டியலில் ‘கௌரவ’ என்று வரும் பட்டங்களை எல்லாம் தேடினால் பாதிதான் கிடைத்தது. மீதிப் பாதி ‘கெ’ போட்டுப் பக்கத்தில் ‘ள’ என்ற எழுத்தைப் போட்டு எழுதியது. கண்ணுக்கு இரண்டும் ஒன்று. எழுத்து இடைவெளியைக் கொஞ்சம் அகட்டினால்தான் ‘ள’ தனியாக நகர்ந்து தன்னைக் காட்டிக்கொடுக்கும்.

இதெல்லாம் நான் பிடித்தவை. பிடிக்கக் காரணம், இவை என் மேசையில் நடந்தன, எனக்குத் தமிழ் படிக்கத் தெரியும். ஞாயிறு இரவு பிடிஎஃப் அனுப்பினேன். செவ்வாய்க்கிழமை அச்சகத்திலிருந்து மெய்ப்புத் தாள் வந்தது, 96 பக்கமும் பார்த்துக் கையெழுத்துப் போட்டேன். புதன் காலை பிளேட் (அச்சுத் தட்டு), மாலை அச்சு.

பிறையில்

மடிப்பு மேசையில் அக்கா தாளை விரித்து வைத்திருந்தார். 38ஆம் பக்கத்தின் மேல் பாதி ஒரு முன்னாள் மாணவரின் கட்டுரை முடியும் இடம்: இழுவை ரயிலுக்குக் காசில்லாமல் ஏழு பையன்கள் பள்ளியிலிருந்து கொடிமலைக்கு நடந்தே ஏறிய கதை. கீழ்ப் பாதி ஒரு நன்கொடையாளரின் விளம்பரம்.

எட்ட நின்று பார்த்தால் ஒன்றும் தெரியாது. அதே எழுத்துரு, அதே அளவு, அதே வரிகள். கிட்டே போனால் ‘நாங்கள்’ சரி, ‘அப்பா’ சரி, ‘மரம்’ சரி. ‘கொடிமலை’ மட்டும் ‘◌ெகாடிமைல’. ஒற்றைக்கொம்பு அநாதையாக நிற்கிறது, அதற்குத் துணையாகப் புள்ளிகளால் ஆன ஒரு வட்டம், அப்புறம் ‘கா’. ‘மலைமேல்’ என்பது ‘மைலேமல்’ ஆகியிருந்தது. இதில் வட்டம்கூட இல்லை. ஏதோ ஊர்ப் பெயர் போலப் பொருந்தி உட்கார்ந்திருந்தது. கொம்பு உள்ள சொல் எல்லாம் உடைந்திருக்கிறது, கொம்பு இல்லாத சொல்லுக்கு ஒன்றும் ஆகவில்லை.

என்னிடம் உள்ள கோப்பு சரி. நான் கையெழுத்துப் போட்ட மெய்ப்புத் தாள் சரி. பிளேட் தவறு. அப்படியென்றால் செவ்வாய் மாலைக்கும் புதன் காலைக்கும் நடுவில் ஏதோ நடந்திருக்கிறது.

பிளேட்டுக்குக் கோப்பு தயார் செய்யும் மேசையில் இருப்பவர் சீனர். பதினைந்து வருடமாக அங்கே இருக்கிறார், கைவேலை சுத்தம். எங்களுக்குள் பேச்சு மலாயில். அவருடைய கணினியில் அந்த வேலைக்கான ஃபோல்டரைத் திறக்கச் சொன்னேன். என்னுடைய 96 பக்கக் கோப்பு இருந்தது. பக்கத்திலேயே ‘38 புதுசு’ என்ற பொருளில் மலாயில் பெயர் வைத்த ஒற்றைப் பக்கக் கோப்பு ஒன்றும் இருந்தது.

இரண்டையும் அக்ரோபேட்டில் திறந்து, கோப்பு விவரத்தில் எழுத்துருப் பட்டியலைப் பார்த்தோம். என்னுடையதில் ஒவ்வோர் எழுத்துருவின் பெயரும், பக்கத்தில் ‘உட்பொதிந்த பகுதி’ என்ற குறிப்பும் இருந்தன. புதுசில் பட்டியல் காலி. ஓர் எழுத்துருகூட இல்லை. பக்கம் நிறையத் தமிழ் இருக்கிறது, ஆனால் கோப்பின் கணக்கில் எழுத்தே கிடையாது, வெறும் கோட்டுருவங்கள்.

“கர்வ் ஆக்கினீங்களா?” எழுத்தைக் கோட்டுருவமாக மாற்றுவதற்கு அச்சகப் பெயர் அது.

“ஆமா பாஸ். தமிழ்னா நான் எப்பவும் கர்வ் ஆக்கிடுவேன். ஓடாது.”

நடந்தது இதுதான். விளம்பரத்தில் கைப்பேசி எண் ஒரு இலக்கம் தவறு. செவ்வாய் இரவு பத்து மணிக்கு நன்கொடையாளர் செயற்குழுவில் ஒருவரை அழைத்திருக்கிறார். என்னைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று அந்தச் செயற்குழுக்காரர் நேராக அச்சகத்தை அழைத்திருக்கிறார். ஒரே ஓர் எண்தானே. “சிக்கிட் சாஜா, போலே” (கொஞ்சம்தானே, முடியும்) என்று மேசைக்காரரும் காசு வாங்காமல் மாற்றிக் கொடுத்துவிட்டார். என் பிடிஎஃபிலிருந்து அந்தப் பக்கத்தை கோரல்டிரா என்னும் வரைகலை மென்பொருளில் திறந்தார், 3ஐ 8 ஆக்கினார், எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து, கர்வ் ஆக்கும் கண்ட்ரோல், கியூ அழுத்தினார், புதுப் பிடிஎஃப் எடுத்தார். எண் சரியாகிவிட்டது. அதை இரண்டு தடவை சரிபார்த்ததாகச் சொன்னார், நான் நம்புகிறேன். பார்க்க வேண்டிய மற்றதெல்லாம் அவருக்குப் படம்.

மலை எப்படி மைல ஆனது

அவர் மேசையிலேயே உட்கார்ந்து அதே படிகளைத் திரும்பச் செய்து பார்த்தோம். பிடிஎஃபைத் திறக்கும்போது கோரல்டிரா ஒரு சின்னப் பெட்டியைக் காட்டும்: எழுத்தை எழுத்தாக எடுக்கவா, கர்வாக எடுக்கவா? அவர் ‘எழுத்து’ கொடுத்திருந்தார், எண்ணைத் திருத்த வேண்டும் என்பதால். திறந்த அந்தக் கணமே கொம்புகள் நகர்ந்துவிட்டன. கண்ட்ரோல், கியூ அதற்குப் பிறகு வந்தது. பிழை ஏற்கனவே உள்ளே வந்துவிட்டது. கர்வ் அதன்மேல் வார்னிஷ் அடித்துக் காயவைத்தது, அவ்வளவுதான்.

ஏன் நகர்கின்றன என்பதைப் புரிந்துகொள்ள, பிடிஎஃபுக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். நாம் தட்டச்சு செய்யும்போது யூனிகோடு, ஒலிக்கும் வரிசையில் சேமிக்கிறது. ‘லை’ என்றால் முதலில் ல, அப்புறம் ஐகாரக் குறி. திரையில் காட்டும்போதுதான் மென்பொருள் எழுத்துருவிடம் கேட்டு, கொம்பைத் தூக்கி முன்னால் வைக்கிறது. ‘கொ’ என்றால் குறியை இரண்டாகப் பிளந்து கொம்பை முன்னாலும் காலைப் பின்னாலும் வைக்கிறது. ‘கு’, ‘கூ’ போன்றவற்றுக்குத் தனி உருவத்தைத் தேடி எடுக்கிறது. நம் 247 எழுத்துக்கும் யூனிகோடில் தனித்தனி இடம் இல்லை. தமிழுக்கு ஒதுக்கிய 128 இடத்தில் நிரம்பியிருப்பது 72, எண்களும் பழைய குறியீடுகளும் சேர்த்து. மீதியெல்லாம் எழுத்துருவின் கைத்திறன்.

பிடிஎஃப் எடுக்கும்போது இந்த வேலை முடிந்துவிடுகிறது. கோப்புக்குள் போவது எழுத்து அல்ல, உருவ எண்: இந்த இடத்தில் 41ஆம் உருவத்தை வரை, அடுத்து 17ஆம் உருவத்தை வரை. ‘கொடிமலை’யில் வரையும் வரிசை: கொம்பு, க, கால், டி, ம, ஐகாரக் கொம்பு, ல. அச்சு இயந்திரத்துக்கு இது போதும், தமிழ் தெரிய வேண்டியதில்லை. எழுத்துரு உட்பொதிந்திருந்தால் எந்தக் கணினியிலும் அதே படம் வரும். அதனால்தான் அச்சுக்கென்றே வகுத்த பிடிஎஃப் எக்ஸ் தரங்கள், 2001இல் வந்த எக்ஸ்1ஏ ஆனாலும் 2008இல் வந்த எக்ஸ்4 ஆனாலும், எல்லா எழுத்துருவையும் உள்ளே வைத்தே ஆக வேண்டும் என்று கட்டாயப்படுத்துகின்றன.

சிக்கல், அந்தப் படத்தை யாராவது மறுபடி எழுத்தாகப் படிக்க முயலும்போது. ஒவ்வோர் உருவத்துக்கும் இது எந்த எழுத்து என்று ஒரு சிறு அகராதி கோப்பில் இருக்கும். கோரல்டிரா அதை வைத்து, வரைந்த வரிசையிலேயே எழுத்தைத் திரும்பக் கட்டியது. இப்போது கொம்பு முதலில் வருகிறது. அதற்கு முன் மெய்யெழுத்தே இல்லை, ஆக அநாதை, ஆக ஒரு வட்டம். அடுத்து க, கால் சேர்ந்து ‘கா’. பிறகு ம, அதற்குப் பின் ஐகாரக் குறி. யூனிகோடு இலக்கணப்படி குறி தனக்கு முன்னால் உள்ள எழுத்தோடு ஒட்டும், எனவே ‘மை’. கடைசியில் ‘ல’ தனியாக நிற்கிறது. ஒவ்வொரு படியும் தன் விதிப்படி சரியாகவே நடந்தது.

வேடிக்கை என்னவென்றால், மலரிலேயே பழைய பள்ளி இதழ் ஒன்றின் ஒளிநகல் பக்கமும் இருந்தது. அதில் ‘லை’ பழைய வடிவம், யானைத் துதிக்கை போட்ட ‘லை’. ஈய எழுத்துக் காலத்தில் அது ஒரே அச்சு, கொம்பையும் ல-வையும் பிரிக்கவே முடியாது. தமிழ்நாடு அரசு 1978இல் ணை, லை, ளை, னை உட்பட 13 எழுத்துகளைச் சீர்திருத்தியது. சிங்கப்பூரும் மலேசியாவும் பிறகு ஏற்றுக்கொண்டன. தட்டச்சுப் பொறிக்கு நல்லதாகப் போயிற்று. துதிக்கை ‘லை’யாக இருந்திருந்தால் அது ஒரே உருவமாக உள்ளே போய் ஒரே எழுத்தாகத் திரும்பியிருக்கும், மலை மலையாகவே இருந்திருக்கும். கொடி விழுந்திருக்கும், அது வேறு.

இதில் என் பங்கும் உண்டு. அந்த எழுத்துரு நோட்டோ செரிஃப் தமிழ், இலவசம், யாருக்கும் கொடுக்கலாம். முந்தின வருடம் வேறொரு வேலையில் “எதற்கும் இருக்கட்டும்” என்று அதையும் சேர்த்து அனுப்பியிருந்தேன். அவர் கணினியில் நிறுவி வைத்திருந்தார். அது இல்லாதிருந்தால் கோரல்டிரா ‘இந்த எழுத்துரு இல்லை, வேறு எதைப் போடட்டும்’ என்று கேட்டிருக்கும், அவரும் எனக்கு ஒரு போன் போட்டிருப்பார். எழுத்துரு இருந்ததால் கேள்வியே எழவில்லை. நான் செய்து வைத்த முன்னெச்சரிக்கைதான் எச்சரிக்கை மணியின் நாக்கைப் பிடுங்கியது.

கர்வ் என்னும் திருநீறு

நம் ஊர் அச்சகங்களில் எழுத்துருத் தொல்லை எது வந்தாலும் ஒரே மருந்து, கர்வ் ஆக்கு. சுரம் வந்தாலும் திருநீறு, பயந்தாலும் திருநீறு என்கிற மாதிரி. இது முழு மூடநம்பிக்கை இல்லை. பெயர்ப்பலகை, அழைப்பிதழ், அட்டை முகப்பு என்று நாலு வரி உள்ள வேலைக்கு நானும் அதைத்தான் செய்கிறேன். தமிழ் எழுத்துரு கையாளத் தெரியாத பழைய இயந்திரங்கள் இருந்த காலத்தில் அது பலரைக் காப்பாற்றியது.

புத்தக உள்பக்கத்துக்கு அது சரிவராது. நான் பக்கம் வடிவமைக்கும் மென்பொருளான இன்டிசைனில் எழுத்தைக் கோட்டுருவமாக மாற்றினால் அடிக்கோடும் தானாக வரும் பட்டியல் எண்களும் புள்ளிகளும் கைவிட்டுப் போகக்கூடும். சில தமிழ் எழுத்துருக்களில் ஓர் எழுத்தின் கோடுகள் ஒன்றின்மேல் ஒன்று படிந்திருக்கும். எழுத்தாக இருக்கும்வரை தெரியாது, கோட்டுருவமாக்கிச் சில மென்பொருளில் ஒன்றுசேர்த்தால் படிந்த இடம் வெள்ளை ஓட்டையாகிவிடும். பிறகு ஒரு திருத்தம் என்றால் யாராலும் செய்ய முடியாது.

என் கணக்குப்படி கேட்க வேண்டியது, எழுத்து உருவமாக உறையும் அந்தக் கணத்தில் பக்கத்தில் தமிழ் படிக்கிறவர் இருந்தாரா என்பதுதான். பிடிஎஃப் எடுத்தபோது நான் இருந்தேன். மெய்ப்பில் நான் இருந்தேன். செவ்வாய் இரவு பத்தரை மணிக்கு எழுத்து இரண்டாம் முறை இளகி மறுபடி உறைந்தபோது யாரும் இல்லை. பிளேட் போட்டவர், இயந்திரம் ஓட்டியவர், தாள் எடுத்தவர், யாருக்கும் தமிழ் தெரியாது. அந்தக் கட்டடத்தில் தமிழ் படிக்கிற ஒரே ஆள் மடிப்பு மேசையில், எல்லாம் முடிந்த இடத்தில் இருந்தார். அவரும் படிப்பது வேலையில் சேராது. கதை நன்றாக இருந்ததால் படித்தேன் என்றார்.

செலவும் சனிக்கிழமையும்

மூன்றாம் பாரத்தை மட்டும் மறுபடி அடித்தோம். 33 முதல் 48 வரை, இரண்டு பிளேட், தாள் புதிது. எண் திருத்திய 38ஆம் பக்கத்தை நான் அங்கேயே என் மடிக்கணினியில் இன்டிசைன் கோப்பிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். இயந்திரம் இரவு பதினொன்றுக்கு ஓடியது. செலவைப் பள்ளி, அச்சகம், நான் என்று மூன்றாகப் பிரித்துக்கொண்டோம். கையெழுத்தான மெய்ப்புக்குப் பிறகு நடந்த மாற்றம் அச்சகத்தின் பொறுப்பு என்று சட்டம் பேசியிருக்கலாம், ஆனால் மாற்றச் சொன்னது என் வாடிக்கையாளர். அடுத்த மலருக்கும் இதே பாலத்தைத்தான் தாண்ட வேண்டும். வெள்ளி இரவு பைண்டிங். சனி மாலை நான்கு மணிக்குப் பெட்டிகள் மண்டபத்துக்கு வந்துவிட்டன.

வந்த புத்தகத்தில் என் தவறு ஒன்று அப்படியே இருக்கிறது. தலைப்புக்கு எடுத்த எழுத்துருவில் ஒரே ஒரு பருமன்தான், தடித்தது கிடையாது. நான் எழுத்தைச் சுற்றி 0.75 புள்ளிக் கோடு போட்டுத் தடிப்பாக்கினேன். திரையிலும் மெய்ப்பிலும் நன்றாகத்தான் இருந்தது. 80 கிராம் தாளில் மை கொஞ்சம் பரவும் அல்லவா, ‘ண’வின் சுழி எல்லாம் அடைத்துக்கொண்டது. தடித்த வகை உள்ள எழுத்துருவைத் தேடி எடுத்திருக்க வேண்டும். இதுவரை யாரும் சொல்லவில்லை, எனக்கு மட்டும் உறுத்துகிறது.

மற்றவை சில்லறை. விளம்பரதாரர்கள் வேர்டில் செய்து அனுப்பிய பக்கங்களில் கறுப்பு எழுத்து திரைக் கறுப்பாக (ஆர்ஜிபி) இருந்தது. ஃபோட்டோஷாப்பின் வழக்கமான அமைப்பில் அதை நான்கு வண்ணத்துக்கு மாற்றினால் நீலம் 75, மஜந்தா 68, மஞ்சள் 67, கறுப்பு 90 என்று 300 விழுக்காடு மை கொட்டும். தட்டுகள் நூலிழை விலகினாலும் சின்ன எழுத்துக்கு நிழல் விழும். வண்ணப் பாரங்களில் எல்லாவற்றையும் கறுப்பு 100 மட்டும் என்று மாற்றினேன். பள்ளியின் பழைய இதழ்த் தலைப்பு டைப் 1 என்னும் பழைய வகை எழுத்துருவில் இருந்தது. அந்த வகையை அடோபி 2023 ஜனவரியோடு கைவிட்டுவிட்டது. நல்லவேளை, பழைய பிடிஎஃப் ஒன்றில் எழுத்துரு உட்பொதிந்திருந்தது, அதையே படமாக வைத்தேன்.

இன்டிசைனில் தமிழுக்கு உரிய பத்தி அமைப்பியைத் தேர்ந்தெடுக்காவிட்டாலும் கொம்பு இடம் மாறும். 2012இல் வந்த சிஎஸ்6 முதல் அந்த வசதி வெளிப்படையாகவே இருக்கிறது. ஆனால் அந்தப் பிழை திரையில் பல்லை இளிக்கும், யாரும் தவறவிட மாட்டார்கள். அதைப் பற்றி எல்லோரும் எச்சரிக்கிறார்கள். பணம் தின்றது வேறொன்று.

சாட்சி வரி

மூன்றைக் கைவிட்டேன், ஒன்றைச் சேர்த்தேன்.

எழுத்துருவைத் தனியாக அனுப்புவதில்லை. உரிமம் அனுமதித்தாலும் சரி. எண்ணோ எழுத்தோ எந்தத் திருத்தமானாலும் பக்கம் என்னிடமிருந்தே புதிதாகப் போகும். இரவு பத்து மணியானாலும் எழுப்பச் சொல்லிச் செயற்குழுக்களிடம் முதல் நாளே சொல்லிவிடுகிறேன், இரண்டு தடவை எழுப்பியும் விட்டார்கள். கர்வ்தான் வேண்டும் என்று அடம்பிடிக்கும் அச்சகத்துக்கு, சரிபார்த்து முடித்த பிடிஎஃபை அக்ரோபேட்டில் நானே கோட்டுருவமாக்கி அனுப்புகிறேன். இன்டிசைனில் ஆக்குவதைவிட இது மேல், அடிக்கோடும் பட்டியல் எண்ணும் தப்பிக்கும்.

சேர்த்தது ஒரு வரி. ஒவ்வொரு பக்கத்திலும் வெட்டுக்கோட்டுக்கு வெளியே, தாள் வெட்டும்போது போய்விடும் இடத்தில், சின்னதாக ‘கொடிமலை கௌரவம் ஸ்ரீ கூட்டுறவு’ என்று இரண்டு தடவை வரும். இடது பக்கம் உயிருள்ள எழுத்து, அந்தப் புத்தகத்தின் எழுத்துருவிலேயே. வலது பக்கம் அதே வரி, கோட்டுருவமாக்கியது. யாராவது பக்கத்தைத் திறந்து எழுத்தை இளக்கினால் இடது வரி சிதறும், வலது வரி அப்படியே இருக்கும். பிளேட் போடும் முன்னால் இரண்டும் ஒன்றுபோல இருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதும். தமிழ் தெரிய வேண்டாம், இரண்டு படத்தை ஒப்பிடத் தெரிந்தால் போதும்.

பிறை மேசைக்காரருக்கு இதைக் காட்டியபோது, இத்தனை வருடத்தில் தமிழ் வேலையில் தன்னால் சரிபார்க்கக்கூடிய முதல் விஷயம் இதுதான் என்றார். ‘ஸ்ரீ’ அவருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது, பூ மாதிரி இருக்கிறதாம். போன மாதம் ஒரு கோயில் மலர் பிளேட்டுக்குப் போன இரவு, புலனத்தில் ஒரு படம் அனுப்பினார். இடது ‘கொடிமலை’யின் காலைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டு, “பாஸ், இந்தக் கால் மட்டும் குட்டை” என்று. பெரிதாக்கிப் பார்த்தேன். எழுத்தில் ஒன்றும் இல்லை, பிளேட்டில் ஒரு கீறல்.